முருகைக் கற்களை மதிக்காதீர்கள்

மகர எழுத்தின் தலையில் இருக்கவேண்டிய ஒரு விசிறி விழுந்துவிட்டால் எவ்வளவு சேதம் உண்டாகும் என்பதை நான் பாடசாலையில் படிக்கவில்லை. என் சின்ன மாமாவின் ஊர்க் கடற்கரையில்தான் படித்தேன். மிதிக்காதீர்கள் என்று எழுத வந்தவர்கள் மதிக்காதீர்கள் என்று எழுதிவிட்டுப் போனார்கள். எழுதியவருக்கு அது தெரியவில்லை. எழுதச் சொன்னவருக்கும் தெரியவில்லை. திரை விலக்கித் திறந்துவைக்க வந்த பெரியவர்களுக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் அதே கரையில் வலை காயப்போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களை எவரும் கேட்கவில்லை.

நாங்கள் அப்போது லிங்கநகரில் இருந்தோம். அம்மா நகரத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பித்தார். ஆகவே எங்கள் வீட்டில் எழுத்துப் பிழை என்பது சோற்றில் கல் கிடப்பதற்குச் சமமான குற்றம். ஓகஸ்ட் விடுமுறை வந்தால் என்னைச் சின்ன மாமாவின் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள். அம்மாவின் தம்பியான அவர், திரியாய்க்குப் போகும் கரையோர வழியில் உள்ள ஒரு சிறிய மீன்பிடி ஊரில் பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்டவர். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை என்று அம்மா குறைப்பட்டுக்கொள்வார். "ஏறேல்லை எண்டதாலதானே அக்கா இறங்கினனான்" என்று மாமா கடலைக் காட்டுவார். ஒரு பைபர் வள்ளம், அதற்கு ஓர் எஞ்சின், சில வலைகள், எதையும் பகிடியாக்காமல் விடாத ஒரு வாய் ஆகியவை அவருடைய சொத்துகள். என் தலைமுடியை எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிவிடும் மாமிக்கு அந்த வாயைக் கட்டிவைப்பதே முழுநேர வேலை.

போர் முடிந்து, இடம்பெயர்ந்த சனங்கள் ஊர் திரும்பிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அது பலகைகளின் காலம். கிணறு தோண்டினால் ஒரு பலகை, மலசலகூடம் கட்டினால் ஒரு பலகை, ஒழுங்கைக்குக் கிரவல் போட்டால் ஒரு பலகை. யார் கொடுத்தது, யார் திறந்தது என்பதையெல்லாம் மூன்று மொழிகளில் அறிவித்தபடி அவை நின்றன. சில இடங்களில் கிணறு வற்றிய பிறகும் பலகை வற்றாமல் நின்றது. எனவே கடற்கரையில் இரண்டு சீமெந்துத் தூண்களுக்கு நடுவே மண்ணிறப் பலகையொன்று எழுந்தபோது ஊர் வியக்கவில்லை. முருகைக் கல்லுக்கும் ஒன்று வந்துவிட்டது என்று மட்டும் சொல்லிக்கொண்டது.

புத்தகங்கள் பவளப்பாறை என்று சொல்வதை எங்கள் பக்கத்தில் முருகைக்கல் என்போம். உரத்துக் கூப்பிட்டால் கரைக்குக் கேட்கிற தூரத்தில், நீர் வற்றும் வேளையில் முழங்காலளவு ஆழத்தில், ஒரு பெரிய திட்டாக அது பரந்து கிடந்தது. பெயரிலேயே கல் இருப்பதால் ஊர் அதைக் கல் என்றுதான் எண்ணியது. முன்பு அதை அள்ளிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கியவர்களும் உண்டு. ஓர் உயிருக்குக் கல் என்று பெயர் வைத்துவிட்டால் அதை உடைக்கும்போது கை கூசாது. இந்த வேலையைச் சொற்கள் எவ்வளவு அமைதியாகச் செய்துவிடுகின்றன என்பதை நான் யோசித்தது மிகவும் பிற்பாடு.

பலகையைத் திறந்துவைக்கிற நாளில் கடற்கரையில் கூடாரம் அடித்துக் கதிரைகள் போட்டிருந்தார்கள். முன்வரிசைக் கதிரைகளுக்கு வெள்ளைத் துணி உடுத்தியிருந்தார்கள். சிறுவர்களுக்கு ஆளுக்கொரு நீலத் தொப்பியும் ஒரு பொதி பிஸ்கட்டும் கிடைத்தன. தென்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்திருந்த இளம் விரிவுரையாளர் ஒருவர் எங்களுக்கு வகுப்பெடுத்தார். அவர் சிங்களத்தில் பேசினார். அவருக்குத் தமிழ் தெரியாததில் குற்றமில்லை. எங்களுக்குச் சிங்களம் தெரியாததிலும் குற்றமில்லை. இரண்டுக்கும் நடுவே பாலமாக நிற்க ஓர் உத்தியோகத்தரை நியமித்திருந்தார்கள். சந்தையில் மீன் விலை கேட்கிற அளவுக்கு அவருக்குத் தமிழ் தெரியும்.

அந்த விரிவுரையாளரை நான் இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன். கையை மேலே தூக்கி விரல்களை நெளித்து, கண்கள் மின்ன, மூச்சு வாங்க வாங்க அவர் நெடுநேரம் பேசினார். ஏதோ ஒரு பெரிய அதிசயத்தை எங்கள் மடியில் கொண்டுவந்து கொட்டுகிறார் என்பது மட்டும் விளங்கியது. அவர் நிறுத்தியதும் நாங்கள் எல்லோரும் உத்தியோகத்தரின் வாயைப் பார்த்தோம்.

"மிஸ் சொல்றாங்க, கல்லு உடைக்க வேணாம்" என்றார் அவர்.

விரிவுரையாளர் மறுபடியும் தொடங்கினார். இந்த முறை முன்னதைவிட நீளம். மணலில் குந்தியிருந்து குச்சியால் படம்கூட வரைந்தார். உத்தியோகத்தர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மிஸ் மறுபடியும் அதுதான் சொல்றாங்க."

பின்னால் நின்ற மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மூட்டை மூட்டையா ஏத்தி அனுப்புறா, இஞ்ச வந்து சேரேக்க ஒரு சுண்டுதான் மிஞ்சுது" என்றார். மாமி அவருடைய முழங்கையைக் கிள்ளினார்.

ஆனால் அந்த மூட்டையிலிருந்து சிந்திய ஒரு சொல் எனக்குக் கிடைத்தது. 'ஸதெக்' என்று அவர் அடிக்கடி சொன்னார். எங்கள் சிங்களப் பாடப்புத்தகத்தில் நாயின் படத்துக்கும் பசுவின் படத்துக்கும் கீழே இருந்த சொல் அது. பிராணி ஒன்று என்று அர்த்தம். நான் எழும்பி, அவர் கையில் வைத்திருந்த வெள்ளைக் கிளையைச் சுட்டி, எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் இது பிராணியா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்ததை எப்படிச் சொல்வேன்! ஓடி வந்து என் கையைப் பிடித்து நேரே கடலுக்கு அழைத்துப் போனார். திட்டின் கரைப்பக்க ஓரத்தில், மணலில் நின்றபடி, அடியில் கண்ணாடி பதித்த ஒரு பெட்டியை நீரில் அமிழ்த்தி என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். கல்லென்று நான் நினைத்திருந்தது ஊதா நிறத்திலும் தேன் நிறத்திலும் கிளைவிட்டு நின்றது. வண்ணாத்திப்பூச்சி போலப் பட்டை போட்ட மீன்கள் அதற்குள் வீட்டுக்காரர் மாதிரிப் போய்வந்தன. ஒரு கிளையின் ஓரத்தில் நூல் நூலாக ஏதோ நீண்டு அசைந்துகொண்டிருந்தது. அவர் விரலால் பக்கத்து நீரை மெல்லக் கலக்கினார். அத்தனை நூல்களும் ஒரே நேரத்தில் உள்ளே இழுத்துக்கொண்டன. பயந்துவிட்டது என்று புரிந்தது. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வந்தபோது பலகையின் திரையை விலக்கிக் கை தட்டி முடித்திருந்தார்கள். மேலே பெரிய எழுத்தில் சிங்களம், கீழே ஆங்கிலம், நடுவே தமிழ். மாமா அதை வாய்விட்டு வாசித்தார்.

"முருகைக் கற்கள் உயிருள்ளவை. அவற்றை மதிக்காதீர்கள்."

பிறகு மாமா மிக மரியாதையாகத் தலையை ஆட்டினார். "உயிருள்ளதுகளை மதிக்கவேண்டாமாம். முதல்தரம் ஒரு போர்ட்டில உண்மையை எழுதியிருக்கிறாங்கள்" என்றார். நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர்களும் திரும்பிப் பார்த்து, தாங்களும் புன்னகைத்தார்கள். விழா சனத்துக்குப் பிடித்துப்போய்விட்டது என்று எண்ணியிருப்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு விசிறிதானே விழுந்திருக்கிறது, போய்ச் சொன்னால் இப்போதே போட்டுவிடுவார்களே என்று துடித்தேன். மாமி என் தொப்பியைப் பிடித்து நிறுத்தினார். "சும்மா இரு பிள்ளை. பிழை பிடிக்கப் போனால் எங்களைத்தான் பிடிப்பாங்கள்."

அன்று முதல் ஊருக்கு ஒரு புதுப் பகிடி கிடைத்தது. மாமி கூப்பிட்டும் மாமா எழும்பாவிட்டால், "போர்ட்டிலயே போட்டிருக்கு, மதிக்கவேண்டாமெண்டு" என்பார். கடன் கேட்டுக் கிடைக்காதவர், வணக்கம் சொல்லிப் பதில் வராதவர், எல்லோரும் பலகையைக் காட்டினார்கள். நான் மட்டும் வீடு வீடாக, முருகைக்கல் கல் இல்லை, அது பிராணி என்று பிரசாரம் செய்தேன். மாமா எனக்கு 'டீச்சரம்மா' என்று பெயர் வைத்தார்.

"உயிரெண்டால் உடைக்கேக்க ஏன் கத்தேல்லை, டீச்சரம்மா?"

"மீனும்தான் கத்திறேல்லை."

"அது சரி" என்று மாமா தாடையைத் தடவினார். "இவளோட கதைச்சு வெல்ல ஏலாது. தாயின்ர வாய்."

அந்த விடுமுறையின் நடுவில் ஒரு காலை, வலை இழுக்கப் போன மாமா என்னையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார். இரவு நீரோட்டம் வலையை இழுத்துக்கொண்டுபோய் முருகைத் திட்டின் மேல் போட்டிருந்தது. வள்ளத்தில் நின்று இழுத்துப் பார்த்தார், வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"மாமா, மிதிக்காதீங்கோ! உயிர்!" என்று கத்தினேன்.

"அப்ப வலையை ஆர் எடுக்கிறது, உன்ர மிஸ்ஸோ?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாத்தான் நடக்கிறன் பிள்ளை."

மெதுவாகத்தான் நடந்தார். ஆனாலும் ஓரிடத்தில் அவர் காலடியில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. காய்ந்த பிஸ்கட்டை ஒடிப்பது போல ஒரு சின்னச் சத்தம். மாமா குனிந்து அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தார். அவருக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. துண்டைத் திரும்ப நீருக்குள் வைத்துவிட்டு வலையின் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

அன்று அவர் செய்தது சரியா பிழையா என்பதை நான் பின்னாளில் பலமுறை நிறுத்துப் பார்த்திருக்கிறேன். முருகைத் திட்டில் சிக்கிய நைலோன் வலையை அப்படியே விட்டால், அது பிடிப்பதற்கு ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டிருக்கும். அலையில் ஆடி ஆடிக் கிளைகளையும் அரைத்துவிடும். அதை எடுக்க இறங்கியவரின் கால் சில கிளைகளை முறித்தது. இரண்டு கேடுகளில் சிறியது அது என்று இன்று என்னால் வாதிட முடியும். மாமா அப்படி வாதிட்டிருக்கமாட்டார். அவருக்கு வேண்டியது வலை. நல்லதொன்றைத் தற்செயலாகச் செய்தவர் அவர்; கெட்டதொன்றையும் தற்செயலாகவே செய்தார்.

திட்டின் மறுபக்கத்தில் நடந்துகொண்டிருந்ததில் தற்செயல் ஏதும் இல்லை. ஹோட்டல் படகொன்று அங்கே நங்கூரத்தைக் கல்லின் மேலேயே இறக்கியிருந்தது. முகக்கண்ணாடியும் காலில் நீண்ட இறப்பர்ச் செட்டைகளும் மாட்டிய உல்லாசப் பயணிகள், களைத்தபோதெல்லாம் கிளைகளின் மேல் எழுந்து நின்று இளைப்பாறினார்கள். ஒருவர் உருண்டையான பெரிய முருகையொன்றின் உச்சியில் ஏறிக் கைகளை விரித்து நிற்க, மற்றவர் படம் எடுத்தார். பலகை வைத்த அலுவலகத்தின் காவல் படகு அந்தப் பக்கமாகத்தான் வந்தது. அவர்களுக்குக் கை காட்டிவிட்டு, சுற்றி வளைத்து எங்களிடம் வந்தது. தூரக் கடலில் வெடி போட்டு மீன் பிடிக்கிறவர்களின் சத்தம் சில காலைகளில் ஊருக்கு நன்றாகக் கேட்கும். அந்தக் காவல் படகுக்கு மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. மாமாவின் கால் முறித்த கிளையின் சத்தம் எப்படியோ கேட்டுவிட்டது.

"இங்க நடக்க ஏலாது. தடை" என்றார் படகில் இருந்த உத்தியோகத்தர்.

"ஓம் சேர், வலை மாட்டிட்டுது, அதுதான் இறங்கினனான். அங்க நிக்கிறவையளும் கல்லுக்கு மேலதானே நிக்கினம்?"

"அவங்க டிக்கட் எடுத்தது."

மாமா முழங்காலளவு நீரில் நின்றபடி அவரை அண்ணாந்து பார்த்தார். "அப்ப டிக்கட் எடுத்தவை மிதிச்சால் கல்லுக்கு நோகாதோ, சேர்?"

உத்தியோகத்தருக்கு விளங்கவில்லையோ, விளங்கியதுதானோ, தெரியாது. வள்ளத்தின் எஞ்சினைக் கழற்றித் தங்கள் படகில் ஏற்றினார்கள். கழற்றிய வலையையும் அள்ளினார்கள். விசாரணை முடியும்வரை தரமுடியாது என்றார்கள். மாமா துடுப்புப் போட்டு வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவந்தார். வரும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. மாமா பேசாமல் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கச்சான் காற்று ஓய்வதற்கு அதிக நாட்கள் இல்லை. அது ஓய்ந்து வாடை தொடங்கினால் எங்கள் பக்கத்துக் கடல் மூடிக்கொள்ளும். சின்ன வள்ளங்கள் மாரி முழுவதும் கரையில் கிடக்கும். மிச்சமிருந்த அந்தக் கொஞ்சக் காலத்தில் பிடிக்கிற மீன்தான் மாரிக்கு அடுப்பெரிக்கும். மாமி விடியற்காலையில் கடலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். "எஞ்சின் இல்லாட்டி அது வள்ளமே? கோழிக்குத் தண்ணி வைக்கிற தொட்டி" என்று குசினிக்குள்ளிருந்து சொன்னார். மாமா மற்றவர்களின் வள்ளத்தில் கூலிக்கு ஏற இடம் கேட்டுத் திரிந்தார்.

விசாரணைக்குப் பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். நரைத்த தலை, களைத்த முகம், உரத்துப் பேசாத குரல். கெட்ட மனிதராக எனக்குத் தெரியவில்லை. இன்றும் அப்படிச் சொல்லமாட்டேன். ஜீப்பை ஓட்டி வந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த இளைஞர். அவருக்கு இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. பலகையின் நிழலில் அதிகாரிக்குக் கதிரை போட்டார்கள். மாமாவும் மாமியும் எதிரே நின்றார்கள். நான் நீலத் தொப்பியோடு மாமியின் பக்கத்தில் நின்றேன்.

"சேர் கேக்கிறார், இப்படியொரு போர்ட் இருக்கிறது தெரியாதாண்டு" என்றார் சாரதி.

"தெரியும் எண்டு சொல்லுங்கோ தம்பி. நல்லாத் தெரியும்."

"வாசிச்சீங்களாண்டு கேக்கிறார்."

"வாசிச்சனான். ஊரே வாசிச்சது."

"வாசிச்சிட்டுப் பிறகேன் மிதிச்சீங்களாம்?"

மாமாவின் முகத்தில் பழைய வெளிச்சம் மெல்ல வந்தது. "மிதிக்கவேண்டாமெண்டு இதில எங்க தம்பி கிடக்கு? மரியாதை குடுக்கவேண்டாமெண்டுதானே கிடக்கு. நான் குடுக்கேல்லை. போர்ட் சொன்னபடிதான் நடந்தனான்."

மாமி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். சாரதி இதை மொழிபெயர்த்தபோது அதிகாரியின் முகம் சிவந்தது. இந்த ஆளுக்கு வாசிக்கத் தெரியாது, அல்லது விளையாடுகிறார் என்று ஏதோ சொன்னார். பிறகு அவர் கண் என் தொப்பியில் விழுந்தது. பாடசாலைக்குப் போகிற பிள்ளை பொய் சொல்லாது, அவள் வாசிக்கட்டும் என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கணத்தில் என்னிடம் இரண்டு வழக்குகள் இருந்தன. முறிந்த கிளையின் சத்தம் இன்னும் என் காதில் இருந்தது. அந்தப் பிராணி பயந்து உள்ளே இழுத்துக்கொண்டதை நான் கண்ணால் கண்டவள். மறுபுறத்தில், எஞ்சின் இல்லாத வள்ளமும் மாமியின் முகமும். எதற்காக வாசிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே அம்மாவின் பிள்ளையாக வாசித்தேன்: எழுத்தில் இருந்ததை, இருந்தபடி, நிறுத்தி, உரத்து.

"மகள், இன்னொருக்கா வாசிங்க. மெதுவா" என்றார் சாரதி.

இன்னொருமுறை வாசித்தேன். அவர் தலையைத் தூக்கித் தானே பலகையைப் பார்த்தார். எத்தனையோ தடவை அந்த வழியால் ஜீப் ஓட்டியவர், அன்றுதான் அதை வாசித்தார். "யா அல்லாஹ்" என்று வாயைப் பொத்திக்கொண்டு அதிகாரியின் பக்கம் திரும்பினார். அவர் சிங்களத்தில் என்ன சொன்னாரோ, அதிகாரி எழும்பிவிட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த வரியை, படம் பார்ப்பவர் போல நெடுநேரம் பார்த்தார். தன் அலுவலகத்தின் பெயரால் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் ஒரு சிறுமியின் வாயால் கேட்கவேண்டியிருந்தது.

எனக்குத் துணிவு வந்துவிட்டது. கவிழ்ந்து கிடந்த ஒரு மீன் பெட்டியின் மேல் ஏறி நின்று, பிழை எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டினேன். "சேர், இந்த மானாவுக்கு விசிறி போட்டால் சரி. வேறொண்டும் மாத்தத் தேவையில்லை." சாரதி அதையும் சொன்னார். அதிகாரி கைத்தொலைபேசியில் பலகையைப் படம் பிடித்தார். என் தொப்பியில் தட்டி, கெட்டிக்காரி என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். பின்னேரமே எஞ்சின் திரும்பி வந்தது. வலை வரவில்லை.

அன்று மாமா கரையெல்லாம் கதை சொன்னார். தான் கேட்ட கேள்வியும், அதிகாரி முழித்த முழியும், மருமகள் வாசித்த வாசிப்பும் சொல்லச் சொல்ல வளர்ந்தன. மாமி மீன் பொரித்தார். என்னைப் பொறுத்தவரை அந்த வழக்கில் மாமாவும் வென்றார், முருகைக்கல்லும் வென்றது. இனிப் பிழை திருந்தும், திருந்தியதும் ஊர் அதை வாசிக்கும், வாசித்தால் மிதிக்காது. உலகம் அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

சில நாட்களில் ஏணியும் வர்ணப் பேணியுமாக இரண்டு தொழிலாளர்கள் வந்தார்கள். நான் மூச்சு வாங்க ஓடிப்போய், 'மி' 'மி' என்று மணலில் எழுதிக் காட்டினேன். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஒருவர் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்துவிட்டு ஏணியில் ஏறினார். அகலத் தூரிகையை மண்ணிற வர்ணத்தில் தோய்த்து, நடு வரியின் ஒரு முனையில் வைத்து, மறு முனைவரை இழுத்தார். பிறகு இன்னொருமுறை. முருகை போயிற்று, கற்கள் போயின, உயிருள்ளவை என்ற சொல்லும் போயிற்று. மேலே சிங்களம் இருந்தது, கீழே ஆங்கிலம் இருந்தது. அவர்கள் ஏணியை மடித்துக்கொண்டு போனார்கள்.

மாமா வள்ளத்தடியிலிருந்து வந்து பார்த்தார். "திருத்திட்டாங்கள்" என்றார். அவர் சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

நான் இன்று கடல்சார் சூழலைப் படித்துப் பட்டம் பெற்றவள். கரையோரப் பாதுகாப்பைப் பற்றிய கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளூர் மக்களிடம் விழிப்புணர்வு போதாது என்ற வாசகம் அங்கே சலிக்காமல் ஒலிக்கிறது. எந்த மொழியில் போதாது என்று எவரும் சேர்த்துச் சொல்வதில்லை. அந்தத் திட்டின் மேல் ஆண்டுதோறும் இறங்குகிற கால்கள் தமிழ் பேசுகிற கால்கள். அவற்றிடம் சொல்லவேண்டியதை மற்ற இரண்டு மொழிகளிலும் தெளிவாக எழுதிவைத்துவிட்டு, பிறகு அவை கேட்கவில்லை என்று குற்றம் சாட்டுகிறோம். ஒரு விசிறி போடுவதற்கு வேண்டியது தூரிகையின் ஒரு சிறிய வளைவு. முழு வரியையும் மூடுவதற்கு அதைவிட அதிக வர்ணம் வேண்டும், அதிக நேரம் வேண்டும், ஏணியை இரண்டுமுறை நகர்த்தவும் வேண்டும். அந்த அதிகச் சிரமத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பிழையாக எழுதினால் வெட்கம். எழுதாமலே விட்டால் வெட்கமில்லை. இது சோம்பேறித்தனம் என்றால் நான் மன்னித்திருப்பேன்.

அண்மையில் அந்தக் கரைக்குப் போனேன். திட்டின் பெரும்பகுதி சாம்பல் நிறத்தில், பாசி படர்ந்து கிடக்கிறது. அதற்குச் சூடாகிவரும் கடலும் காரணம், ஹோட்டல் நங்கூரங்களும் காரணம், வெடியும் காரணம், எங்கள் கால்களும் காரணம். ஒரு பலகைதான் இதையெல்லாம் தடுத்திருக்கும் என்று சொல்ல நான் அவ்வளவு பேதையல்ல. ஆனால் அந்த ஊரில் இன்றைக்குப் பிறந்து வளர்கிற பிள்ளைகளும் அதைக் கல் என்றுதான் சொல்கிறார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் வந்த வேகத்தில் வாயை மூடிக்கொண்டுவிட்டார்கள்.

இந்தக் கோபம் எனக்கு அன்று வரவில்லை. அன்று நான் பெருமையில் நடந்தேன். என் சொல்லைக் கேட்டு ஓர் அலுவலகமே ஏணியோடு வந்துவிட்டதே! பிழையான வரியை முதலில் மூடினால்தானே மேலே சரியான வரியை எழுதலாம்? எங்கள் வகுப்பில் நாங்களும் அப்படித்தான் செய்வோம். ஆகவே விடுமுறை முடியும்வரை ஒவ்வொரு காலையிலும் கடற்கரைக்குப் போய், மீன் பெட்டியின் மேல் ஏறி, அந்த மண்ணிறப் பட்டையை விரலால் அழுத்திப் பார்த்தேன். முதல் நாள் விரலில் கொஞ்சம் ஒட்டியது. அதன் பிறகு ஒட்டவில்லை.

லிங்கநகருக்குத் திரும்புகிற அன்று பஸ் வரும்வரை மாமி என்னோடு வீதியோரத்தில் நின்றார். மறக்காமல் ஒரு செய்தியை அவரிடம் ஒப்படைத்தேன்.

"மாமி, எழுதுறவை வந்தால் காயுமட்டும் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை எண்டு சொல்லுங்கோ. நல்லாக் காஞ்சிட்டுது."

மாமி என் பின்னலைச் சரிசெய்தபடி, "ஓம் பிள்ளை, வந்தால் சொல்லுறன்" என்றார்.